சிக்ஸ் சிக்மாவும் ஒரு மூட்டை பச்சைத் தேயிலையும்

கல்லூரியில் ‘சிக்ஸ் சிக்மா’ என்ற தலைப்பில் யார் செமினார் எடுத்தாலும் முதல் ஸ்லைடு மோட்டோரோலா, கடைசி ஸ்லைடு மும்பை டப்பாவாலா. இது எழுதப்படாத விதி. டப்பாவாலாக்கள் அபாரமான உழைப்பாளிகள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவர்களுக்கு ஃபோர்ப்ஸ் பத்திரிகை சிக்ஸ் சிக்மா சான்றிதழ் கொடுத்தது என்பது கட்டுக்கதை. 1998-ல் அந்தப் பத்திரிகையில் அவர்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது, அவ்வளவுதான். சான்றிதழ் கொடுப்பது ஃபோர்ப்ஸின் வேலையே இல்லை.

எனக்கு வருத்தம் அதில் இல்லை. உதாரணம் தேடி மும்பை வரைக்கும் போகிறோம். காந்தலில் பஸ் ஏறினால் இருபது கிலோமீட்டரில் குன்னூர். அங்கே தேயிலை ஏலத்தில் வாரா வாரம் ஒரே மாவட்டத்துத் தூள் வெவ்வேறு விலைக்குப் போகிறது. ஏன் இத்தனை வித்தியாசம் என்று கேட்பதுதானே சிக்ஸ் சிக்மா? அதை யாரும் ஸ்லைடு போடுவதில்லை!

முதலில் விஷயத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1986-ல் மோட்டோரோலாவில் பில் ஸ்மித் என்ற பொறியாளர் தொடங்கி வைத்த முறை இது. 1995-ல் ஜாக் வெல்ச் இதை ஜெனரல் எலக்ட்ரிக்கில் கையில் எடுத்த பிறகு உலகம் முழுக்கப் பரவியது. சிக்மா என்பது ஒரு கிரேக்க எழுத்து. புள்ளியியலில் சராசரியிலிருந்து அளவுகள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதைக் குறிக்கும். பத்து லட்சம் வாய்ப்புகளில் 3.4 பிழைக்கு மேல் வரக்கூடாது என்பது இலக்கு. (கணக்குப்படி உண்மையான ஆறு சிக்மா என்றால் நூறு கோடிக்கு இரண்டு பிழைதான் வரவேண்டும். காலப்போக்கில் சராசரி ஒன்றரை சிக்மா நகர்ந்துவிடும் என்று ஒரு தள்ளுபடி கொடுத்ததால் வந்த எண்தான் 3.4. பரீட்சையில் இதைக் கேட்க மாட்டார்கள், ஆனால் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.) இதற்கெல்லாம் தாத்தா 1924-ல் பெல் நிறுவனத்தில் வால்டர் ஷூஹார்ட் வரைந்த கட்டுப்பாட்டு வரைபடம். தமிழ்நாட்டுக்கும் இந்த வகைச் சிந்தனை புதிதல்ல. தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசை 1998-ல் சுந்தரம் கிளேட்டன் வாங்கியது. இந்தியாவில் அந்தப் பரிசை வாங்கிய முதல் நிறுவனம் அதுதான்.

இதன் உயிர்நாடி ஒன்றே ஒன்று: சராசரி நம்மை ஏமாற்றும். ஒரு டீக்கடைக்காரர் தினமும் ஒரே மாதிரி டீ போடுகிறார். இன்னொருவர் ஒருநாள் அமிர்தமாகவும் மறுநாள் கழுநீராகவும் போடுகிறார். மாதக் கடைசியில் இரண்டு பேருடைய ‘சராசரி டீ’யும் ஒன்றாக இருக்கலாம். நீங்கள் எந்தக் கடைக்குப் போவீர்கள்? வாடிக்கையாளருக்குச் சராசரி கிடைப்பதில்லை. அவருக்குக் கிடைப்பது அவர் கையில் இருக்கும் அந்த ஒரு கிளாஸ்.

நீலகிரியில் தொழிற்சாலை என்றதும் காந்தல் பக்கத்துப் பெரியவர்களுக்கு முதலில் நினைவு வருவது இந்து நகரில் இருந்த ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ். 1960-ல் அமைக்கப்பட்டு 1967-ல் உற்பத்தி தொடங்கிய பொதுத்துறை நிறுவனம். ஃபிலிமின் மேல் ரசாயனப் பூச்சு ஒரே சீராக இருந்தாக வேண்டிய தொழில், அதுவும் இருட்டில். சிதறலைக் குறைப்பதற்கு இதைவிடக் கடுமையான பாடசாலை கிடையாது. ஆனால் முதலில் கலர் வந்தது, பிறகு டிஜிட்டல் வந்தது, நிறுவனம் மூடப்பட்டது. வாங்க ஆள் இல்லாத பொருளைக் குறையில்லாமல் செய்து என்ன பயன் என்ற கேள்விக்கு சிக்ஸ் சிக்மாவிடம் பதில் கிடையாது. அதை அப்படியே விட்டுவிடுவோம். டீ குடிப்பதை யாரும் நிறுத்தவில்லை.

நீலகிரியின் பெரும்பகுதித் தேயிலை பெரிய எஸ்டேட்டிலிருந்து வருவதில்லை. அரை ஏக்கர், ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் பல்லாயிரம் பேர். அவர்கள் பறிக்கிற பச்சைத் தேயிலையைத் தனியார் தொழிற்சாலைகள் வாங்குகின்றன, அல்லது 1965-ல் உருவான இண்ட்கோசர்வின் கீழுள்ள கூட்டுறவுத் தொழிற்சாலைகள் வாங்குகின்றன. சுமார் நாலரை கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தூள் கிடைக்கும்.

தொழிற்சாலைக்குள் நடப்பது இதுதான். வரும்போது இலையில் நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல் தண்ணீர். தொட்டிகளில் பரப்பிக் காற்று விட்டு வாட்டுகிறார்கள். நாம் குடிக்கும் குருணைத் தூளுக்கு ஈரம் எழுபதை ஒட்டி இறங்க வேண்டும். பிறகு பல் உருளைகளுக்கு நடுவே நசுக்கி, கிழித்து, சுருட்டுவார்கள். அடுத்து காற்றுபடப் புளிக்க வைப்பது. கடைசியில் உலர்த்தியில் ஈரம் மூன்று சதவீதத்துக்கு இறங்கும். பிறகு சலித்து ரகம் பிரிப்பது.

இப்போது அந்த வாட்டும் தொட்டியைக் கவனியுங்கள். அதில் இரண்டு இலையும் ஒரு குருத்துமாகப் பறித்த இளங்கொழுந்தும் கிடக்கிறது, நாலு இலை ஐந்து இலையாக நீண்டு காம்பு முற்றிப்போனதும் கிடக்கிறது. இரண்டும் ஒரே வேகத்தில் வாடாது. ஒன்று சரியாக வாடும்போது இன்னொன்று பச்சையாகவே இருக்கும். உருளையில் ஒன்று நசுங்கும், இன்னொன்று நாராகும். ஒரே நேரத்தில் புளிக்காது. டீமேக்கர் எந்தக் கொழுந்துக்கு நேரம் வைப்பார்? நடுவில் ஏதோ ஒரு நேரம் வைப்பார். அது இரண்டுக்குமே தப்பான நேரம். சராசரி எப்படி ஏமாற்றுகிறது என்பதற்குப் புத்தகத்தில் இதைவிட நல்ல உதாரணம் நான் பார்க்கவில்லை. எவ்வளவு விலை கொடுத்து இயந்திரம் வாங்கினாலும் தொட்டிக்குள் சிதறிக் கிடப்பது கடைசி வரைக்கும் சிதறியேதான் கிடக்கும்.

சரி, இந்தச் சிதறல் எங்கிருந்து வருகிறது? ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: “பறிக்கிறவங்க சரியில்லை.” தொழிற்சாலைக்காரர் விவசாயியைச் சொல்வார், விவசாயி கூலிக்குப் பறிக்க வந்த அக்காவைச் சொல்வார். அந்த அக்காவுக்கு அடுத்து யாரும் இல்லாததால் பழி அங்கேயே நின்றுவிடும்.

இந்த இடத்தில் எட்வர்ட்ஸ் டெமிங்கின் சிவப்பு மணி விளையாட்டைச் சொல்லியாக வேண்டும். ஒரு பெட்டியில் 4000 மணிகள். 3200 வெள்ளை, 800 சிவப்பு. ஐம்பது குழி கொண்ட ஒரு பலகையைப் பெட்டிக்குள் விட்டு எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் அது குறைபாடு. ஆறு ‘தொழிலாளர்கள்’ மாறி மாறி எடுப்பார்கள். ஒருவருக்கு ஏழு சிவப்பு வரும், ஒருவருக்குப் பதினைந்து வரும். குறைவாக எடுத்தவருக்கு டெமிங் பாராட்டு வழங்குவார், அதிகமாக எடுத்தவரை எல்லார் முன்னாலும் கடிந்துகொள்வார். அடுத்த சுற்றில் பாராட்டு வாங்கியவருக்கே அதிகச் சிவப்பு வந்து நிற்கும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். பெட்டிக்குள் ஐந்தில் ஒன்று சிவப்பாக இருக்கும்போது பலகை பிடித்தவர் என்ன செய்ய முடியும்?

தேயிலைச் செடிதான் அந்தப் பெட்டி. பத்து நாளுக்கு ஒருமுறை பறித்தால் செடியின் மேல் பெரும்பாலும் இளங்கொழுந்துதான் இருக்கும். பதினெட்டு, இருபது நாள் விட்டுவிட்டுப் போனால் முற்றியதுதான் அதிகம் இருக்கும். அப்போது எவ்வளவு கைத்தேர்ச்சி உள்ளவர் பறித்தாலும் பைக்குள் முற்றியதுதான் வந்து விழும். அதற்கு மேல் கூலி கிலோக் கணக்கு. நிதானமாகக் கொழுந்து பார்த்துப் பறிக்கிறவருக்கு எடை குறையும், கையில் வருவதும் குறையும். கத்தரி போட்டு வெட்டுகிறவருக்கு எடை ஏறும். இப்படி வைத்துக்கொண்டு பறிப்பவரைத் திட்டுவது டெமிங் மேடையில் நடித்துக் காட்டிய அதே நாடகம்தான். அவராவது சிரிக்க வைப்பதற்காகச் செய்தார் :-)

பறிப்புச் சுற்று ஏன் இருபது நாளாக நீள்கிறது என்று கேட்டால் ஆள் கிடைக்கவில்லை, மழை, கூலி என்று பல காரணம் வரும். எல்லாமே உண்மைதான். ஆனால் இவற்றுக்கெல்லாம் அடியில் ஒன்று இருக்கிறது. பணம்.

ஒரு கணக்குக்காக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். ஒரு சிறு தோட்டம், முப்பத்தாறு நாள். பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை என்று மூன்று தடவை பறித்தால் தடவைக்கு 150 கிலோ, மொத்தம் 450 கிலோ. பதினெட்டு நாளுக்கு ஒருமுறை என்று இரண்டே தடவை பறித்தால் தடவைக்கு 260 கிலோ, மொத்தம் 520 கிலோ. கிலோ 20 ரூபாய், ஒரு தடவைக்கு ஆள்கூலி 2000 ரூபாய் என்று வைப்போம். நன்றாகப் பறித்தவருக்கு 9000 வரவு, 6000 செலவு, மிச்சம் 3000. முற்ற விட்டவருக்கு 10,400 வரவு, 4000 செலவு, மிச்சம் 6400. இளங்கொழுந்து பறித்தவர் இவருக்குச் சமமாக வரவேண்டும் என்றால் அவருக்குக் கிலோவுக்குச் சுமார் 27.50 கிடைத்தாக வேண்டும். அதாவது ஏழரை ரூபாய் அதிகம். “நல்ல இலைக்கு ஒரு ரூபாய் கூடத் தருகிறோம்” என்று பலகை வைத்தால் யார் மாறுவார்கள்?

அந்த ஏழரை ரூபாயை நாலரையால் பெருக்குங்கள். தூளில் கிலோவுக்குக் கிட்டத்தட்ட முப்பத்துநாலு ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால்தான் தொழிற்சாலைக்குக் கட்டுபடியாகும். ஆகவே தொழிற்சாலைக்காரரையும் கொள்ளைக்காரர் என்று திட்டிவிட்டுப் போக முடியாது. அவரவர் இடத்தில் நின்று பார்த்தால் அவரவர் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. எல்லாம் கூடி விளைவது மட்டும் மட்டமான தூள்.

இது இன்று நேற்று வந்ததல்ல. சோவியத் யூனியன் இருந்த காலத்தில் நம் தேயிலைக்கு அவர்கள் பெரிய வாடிக்கையாளர். அளவுதான் முக்கியம், தரத்தைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. குறையே சொல்லாத வாடிக்கையாளரைவிட ஒரு தொழிலுக்கு ஆபத்தானவர் கிடையாது. 1991-ல் அந்த நாடு உடைந்ததும் நீலகிரி திகைத்து நின்றது. தொண்ணூறுகளின் கடைசியில் விலை சரிய, 2000-ஐ ஒட்டிப் பச்சை இலை கிலோ நாலைந்து ரூபாய்க்குக் கூடப் போனது. போராட்டங்கள் நடந்தன. அந்தச் சமயத்தில்தான் தேயிலை வாரியம் ஊர் ஊராகத் தர மேம்பாட்டுப் பிரச்சாரம் செய்தது. இரண்டு இலையும் ஒரு குருத்தும் என்று சுவரெல்லாம் படம் வந்தது. டெமிங்குக்குப் பிடிக்காத விஷயங்களில் ஒன்று சுவரில் ஒட்டும் வாசகம். பெட்டிக்குள் இருக்கும் மணியை மாற்றாமல் பலகை பிடித்தவருக்குப் புத்தி சொல்வது அது என்பார்.

2003-ல் தேயிலைச் சந்தைப்படுத்தல் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. தூள் விற்ற பணத்தில் விவசாயிக்கு இத்தனை, தொழிற்சாலைக்கு இத்தனை என்று பங்கு வகுத்தது. முதலில் 60:40, பிறகு 65:35. ஏல விலைகளை வைத்து மாவட்டத்துக்கு ஒரு சராசரி இலை விலையை மாதா மாதம் வாரியம் அறிவிக்கிறது. விவசாயியை அடிமாட்டு விலையிலிருந்து காப்பாற்றும் ஏற்பாடு என்ற முறையில் இதை நான் மதிக்கிறேன். இது இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். ஆனால் அந்த வார்த்தையைக் கவனியுங்கள். சராசரி! நல்ல தூளும் மட்டத் தூளும் விற்ற விலையைக் கூட்டி வகுத்து வந்த எண். அதைவிடக் கூடக் கொடுக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, சில தொழிற்சாலைகள் கொடுக்கவும் செய்கின்றன. இருந்தாலும் பெரும்பாலான இடங்களில் அடித்தளமாக வைத்த விலையே கூரையாகவும் ஆகிவிடுகிறது. பார்த்துப் பார்த்துப் பறித்தவரின் மூட்டையும் வெட்டித் தள்ளியவரின் மூட்டையும் ஒரே லாரியில் ஏறி, ஒரே தொட்டியில் கலந்து, ஒரே விலையைப் பெறுகின்றன. முதலாமவர் எத்தனை மாதம் தாங்குவார்?

இதே மலையில் காய்கறி எப்படி விற்கிறது என்று பாருங்கள். முத்தோரை, பாலாடா பக்கம் கேரட்டைக் கழுவி, பெரிசு, சிறிசு, உடைசல் என்று பிரிக்கிறார்கள். உருளைக்கிழங்கை அளவு பார்த்துத் தனித்தனி மூட்டை கட்டுகிறார்கள். எந்தப் பேராசிரியரும் வந்து அவர்களுக்கு வகுப்பு எடுக்கவில்லை. மேட்டுப்பாளையம் மண்டியில் ஒவ்வொரு ரகத்துக்கும் தனி விலை, அது அன்றைக்கே சீட்டில் தெரிந்துவிடும். கலந்து கட்டினால் நஷ்டம் யாருக்கு என்பதில் சந்தேகம் இல்லை. கேரட் போடும் விவசாயிக்கும் தேயிலை போடும் விவசாயிக்கும் குணத்தில் என்ன வித்தியாசம் இருக்க முடியும்? பல வீடுகளில் இரண்டும் ஒருவரேதான்.

அப்படியானால் தேயிலைக்கும் தரம் பிரித்து விலை கொடுத்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். இங்கேதான் சிக்ஸ் சிக்மாவில் எல்லாரும் தாண்டிக் குதிக்கிற ஒரு படி இருக்கிறது. வரையறு, அள, ஆராய், மேம்படுத்து, கட்டுப்படுத்து என்று ஐந்து படி சொல்வார்கள். இரண்டாவது படியில் சாதாரணமாகத் தெரியும் ஒரு கேள்வி உண்டு. உங்கள் அளவுகோல் சரியா? ஒரே மூட்டையை இரண்டு பேர் அளந்தால் ஒரே எண் வருமா? ஒரே ஆள் காலையிலும் மாலையிலும் அளந்தால்?

இலையில் தரம் பார்ப்பது எளிது. மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்து, இளசையும் முற்றியதையும் பிரித்து, எடை போட்டுச் சதவீதம் சொல்வது. ஆனால் மூட்டையின் மேலிருந்து எடுத்தால் ஒரு எண், அடியிலிருந்து எடுத்தால் வேறு எண். எடுப்பவர் வாங்குகிறவருடைய ஆள். எண் குறைந்தால் லாபம் வாங்குகிறவருக்கு. ஏற்கெனவே ஈரத்துக்கென்று எடையில் கழிக்கிற கிலோவைப் பற்றியே இலை சேகரிக்கும் இடங்களில் தினமும் வாக்குவாதம். இதில் கண்ணால் பார்த்துச் சொல்லும் சதவீதத்துக்கு ஏற்ப விலை என்றால் விவசாயி எப்படி நம்புவார்? “தரம் பார்த்து விலை” என்ற பேச்சை அவர் விலைக் குறைப்புக்குப் புதுப் பெயர் என்று எடுத்துக்கொள்வதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. 2023 செப்டம்பரில் கோத்தகிரி பகுதியில் கிலோவுக்கு 33.50 ரூபாய் கேட்டு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தபோதும் கேட்டது எல்லா இலைக்கும் ஒரே குறைந்தபட்ச விலையைத்தான். உற்பத்திச் செலவோடு அதில் பாதியைச் சேர்த்துக் கொடு என்ற எம்.எஸ்.சுவாமிநாதன் கணக்கு அது. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அளப்பவர் மேல் நம்பிக்கை இல்லாதபோது ஒரே விலை கேட்பதுதான் பாதுகாப்பு.

அதனால் என் கருத்து இது. தரப் பிரச்சாரத்துக்குச் செலவிடும் பணத்தை முதலில் அளவுகோலுக்குச் செலவிட வேண்டும். தொடங்க நல்ல இடம் கூட்டுறவுத் தொழிற்சாலைகள். விற்கிறவரும் அங்கே உறுப்பினர், தொழிற்சாலையும் அவருடையது. மாதிரி எடுப்பவர் தொழிற்சாலைச் சம்பளத்தில் இருக்கக்கூடாது. மூட்டையின் எந்த இடத்திலிருந்து எடுப்பது என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கட்டும். பத்தில் ஒரு மூட்டையை விவசாயி முன்னிலையில் இன்னொருவர் மறுபடி அளக்கட்டும், இரண்டு எண்ணும் சேர்ந்தே பலகையில் எழுதப்படட்டும். இதற்குப் பிளாக் பெல்ட் பட்டமெல்லாம் தேவையில்லை, ஒரு தராசும் ஒரு நோட்டும் போதும். அந்த இரண்டு எண்ணும் நெருங்கி வந்த பிறகுதான் விலை வித்தியாசத்தைப் பற்றிப் பேசவே வேண்டும். நெருங்கவில்லை என்றால் தப்பு இலையில் இல்லை, அளப்பதில்தான் இருக்கிறது.

“பத்து லட்சத்துக்கு 3.4 என்பது இலைக்குச் சாத்தியமா?” என்று வகுப்பில் ஒரு நண்பன் கேட்டான். சாத்தியமில்லை, அது தேவையும் இல்லை. மோட்டோரோலாவின் பேஜரும் பனியில் கருகிப்போகும் செடியும் ஒன்றல்ல. டிசம்பர், ஜனவரியில் காந்தல் புல்வெளியே உறைபனியில் வெளுத்துக் கிடக்கும்போது பள்ளத்தில் இருக்கும் தேயிலை மட்டும் தப்பிக்குமா? ஷூஹார்ட்டின் வரைபடம் உதவுவது அங்கேதான். பனி, ஆலங்கட்டி மழை போன்றவை எப்போதாவது வந்து போகிற தனிக் காரணங்கள். அவற்றுக்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. நீண்டுபோன பறிப்புச் சுற்றும் கலந்து கட்டும் மூட்டையும் தினசரிக் காரணங்கள். ஏற்பாட்டை மாற்றினால் மட்டுமே அவை போகும். தினமும் வாங்கிய இலையின் சதவீதத்தை ஒரு புள்ளியாக வைத்து மூன்று மாதம் கோடு இழுத்தால் எது பனி, எது பழக்கம் என்று கோடே சொல்லிவிடும்.

பதினெட்டு நாள் சுற்றை ஒரே தாவலில் பத்தாக்க முடியாது என்பதும் தெரிந்ததுதான். ஆள் இல்லை. பதினெட்டைப் பதினான்காக்கினாலே தொட்டிக்குள் இருக்கும் கலவை மாறும். ஒரே ஊரைச் சேர்ந்த இருபது தோட்டக்காரர்கள் கூடி, இன்று உன்னுடையது, நாளை என்னுடையது என்று பறிப்பு நாளை வரிசையாக வைத்துக்கொண்டால் ஒரே பறிப்புக் குழு எல்லாத் தோட்டத்தையும் சுற்றி வரலாம். அந்த இருபது பேர் இலையும் வேறு இலையோடு கலக்காமல் தனித் தொட்டியில் வாடினால், அந்தத் தூளுக்கு ஏலத்தில் என்ன விலை வருகிறது என்பதையும் தனியாகவே பார்த்துவிடலாம். ஒரு கூட்டுறவுத் தொழிற்சாலை, ஒரு தொட்டி, ஒரு சீசன். இதைச் செய்து பார்க்க அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டுமா என்ன?